எவருடைய நடை?

(நீண்ட பதிவு. மொழியியல், பொறியியல், மறுவாழ்வு மருத்துவம் ஆகிய துறைகளில் இருப்போர் இறுதிவரை வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.)

திருவனந்தபுரத்தோடு பெயர் இணைந்த மனித உருவ ரோபோக்கள் மூன்றை நாம் அறிவோம். 2019 பிப்ரவரியில் கேரளக் காவல்துறைத் தலைமையகத்தில் வரவேற்புப் பணிக்கு அமர்த்தப்பட்ட ‘கேபி-பாட்’ முதலாவது. வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவு உருவாக்க, 2020 ஜனவரியில் பெங்களூருவில் அறிமுகமான ‘வியோமமித்ரா’ இரண்டாவது. 2024-இல் இம்மாவட்டத்துப் பள்ளி ஒன்றுக்கு ஆசிரியையாக வந்த ‘ஐரிஸ்’ மூன்றாவது. மூன்றுமே பெண்ணுருக் கொண்டவை என்பது தனிப் பதிவுக்கு உரிய செய்தி. இங்கே நான் சுட்ட விரும்புவது மற்றொரு ஒற்றுமையை. மூன்றும் நடப்பதில்லை. காவலரும் ஆசிரியையும் சக்கரங்களில் நகர்பவர்கள். விண்வெளிப் பயணத்திற்கென உருவான வியோமமித்ராவுக்கோ கால்களே இல்லை. அதனாலேயே அது ‘அரை மனித உருவம்’ எனப்படுகிறது.

இதனைக் குறையாகச் சுட்டிக் கேலி செய்வோர் உண்டு. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனிதர்களோடு ரோபோக்களும் அரை மாரத்தான் ஓடின. ‘தியான்கொங் அல்ட்ரா’ என்னும் ரோபோ ஏறத்தாழ 2 மணி 40 நிமிடங்களில் பந்தயத்தை முடித்தது. அக்காட்சிகள் பரவிய பிறகு, நம்மவர் இன்னும் சக்கரம் பூட்டிய பொம்மைகளையே செய்துகொண்டிருக்கின்றனர் என்ற பேச்சு எழுந்தது. நம் ரோபோ எப்போது நடக்கும் என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அது நடக்கும்போது எவரைப் போல நடக்கும்?

‘மனிதரைப் போல நடக்கும் ரோபோ’ என்று பொறியாளர் எழுதும்போது ‘மனிதர்’ என்பது யாவரையும் குறிக்கும் பொதுப்பெயராகத் தோன்றுகிறது. அத்தகைய பொதுமனிதர் எந்தத் தெருவிலும் நடப்பதில்லை. நடப்பவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தரையில், ஏதோ ஓர் ஆடையில், ஏதோ ஒரு தொழில் பழக்கிய உடலோடு நடப்பவர். எனவே இரண்டு கால் ரோபோவுக்கான போட்டியில் இறங்குவதற்கு முன், நம் மக்களின் நடையைப் பதிவு செய்த தரவகம் ஒன்றை உருவாக்குவதே இந்நகரின் ஆய்வு நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க முதற்பணி என்பது என் கருத்து. ரோபோவின் நலனுக்காக மட்டும் இதனைச் சொல்லவில்லை. நடையை இழந்து மருத்துவமனைக்கு வருவோரின் நலன் இதில் அடங்கியிருக்கிறது.

மொழியியல் படித்தவருக்கு நடையில் என்ன வேலை என்று வினவலாம். ‘நட’ என்னும் ஒரே வினையடியிலிருந்து நடை, நடத்தை, நடப்பு, நடைமுறை, உரைநடை என அத்தனையும் கிளைத்த மொழியில் இவ்வினாவுக்குப் பாதி விடை முன்பே கிடைத்துவிடுகிறது. மீதி விடை பேச்சு எந்திரங்களின் வரலாற்றில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலன் என்பவர், நுரையீரலுக்குப் பதிலாகத் துருத்தியும் குரல்நாணுக்குப் பதிலாக அதிரும் தகடும் அமைத்துப் பேசும் எந்திரம் ஒன்றைச் செய்தார். 1791-இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். உறுப்பைப் போலச் செய்தால் பேச்சு வந்துவிடும் என்பது அவ்வழியின் நம்பிக்கை. இன்று நம் கைபேசியில் பேசும் குரலுக்குத் துருத்தி இல்லை, நாக்கு இல்லை. மனிதர் பேசிய பல மணிநேரப் பதிவுகளிலிருந்து அது பேசக் கற்றது. உறுப்பு எதுவும் இல்லாத அக்குரலுக்கு வட்டார வழக்கு மட்டும் உண்டு. நாகர்கோவில்காரரின் கைபேசியில் வழிசொல்லும் தமிழ்க்குரல் நாகர்கோவில் தமிழில் வழிசொல்வதில்லை. எவருடைய பேச்சு பதிவாயிற்றோ அவருடைய வழக்கே எந்திரத்தின் ‘பொதுத்தமிழ்’ ஆகிறது. பதிவில் இடம்பெறாத வழக்கைப் பேசுவோரின் சொற்களை எந்திரம் தவறாகக் கேட்கிறது. அப்போது தம் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியவர் பேசுபவரே. மொழித்துறையில் நாம் நன்கு அறிந்த இந்நிலை இன்று நடைத்துறையிலும் உருவாகி வருகிறது.

அது எவ்வாறு என்பதை விளக்க, இரண்டு கால் ரோபோவின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். அதில் மூன்று வழிகளைக் காண்கிறோம்.

முதலாவது, கட்டுப்பாட்டின் வழி. 1960-களின் இறுதியில் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த மியோமிர் வுகோப்ரதோவிச் இதற்குக் கணித அடிப்படை அமைத்தார். ஊன்றிய பாதம் தரையோடு தட்டையாகப் பொருந்தியிருக்க வேண்டும். உடலின் எடையும் அசைவும் தரைமீது செலுத்தும் விசையின் மையம் அப்பாதப் பரப்பின் எல்லையைத் தாண்டலாகாது. அதற்கேற்ப ஒவ்வொரு மூட்டையும் கணந்தோறும் கட்டுப்படுத்த வேண்டும். ஜப்பானின் வாசெடா பல்கலைக்கழகத்தில் 1973-இல் நடந்த ‘வாபாட்-1’ இத்துறையின் முன்னோடி. 2000-இல் ஹோண்டா அறிமுகம் செய்த ‘அசிமோ’ இவ்வழியின் புகழ்பெற்ற வாரிசு. அசிமோ எப்போதும் முழங்காலைச் சற்றே மடித்தபடி நடந்ததைக் கண்டிருப்பீர்கள். காலை முழுதாக நீட்டினால் மூட்டின் மீதுள்ள கட்டுப்பாடு தளரும் என்பதே காரணம்.

இரண்டாவது, ஊசலின் வழி. நாம் நடக்கும்போது ஊன்றிய கால் தலைகீழ் ஊசலாகிறது. உடல் அதன்மேல் ஏறி மறுபுறம் இறங்குகிறது. ஏறும்போது இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாகவும் இறங்கும்போது நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகவும் மாறுவதால் ஒவ்வோர் அடிக்கும் புதிதாகச் செலவிட வேண்டிய ஆற்றல் குறைகிறது. வீசும் காலோ இடுப்பிலிருந்து தொங்கும் ஊசலாகத் தானே முன்னால் வருகிறது. 1990-இல் டாட் மெக்கியர் என்பவர் மோட்டாரும் கணினியும் இல்லாத இரு கால் பொறி ஒன்று மெல்லிய சரிவில் தானாகவே நடந்து இறங்கும் என்று காட்டினார். அவ்வழியில் வந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிறு ரோபோ 2005-இல் சமதளத்தில் நடந்தது. ஓர் அலகு எடையை ஓர் அலகு தொலைவு கொண்டுசெல்ல ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டால், மனிதருக்கு ஏறத்தாழ 0.2; அந்தக் கார்னெல் ரோபோவுக்கும் அதே 0.2, அசிமோவுக்கு 3.2 என்று அவ்வாய்வாளர்கள் மதிப்பிட்டனர். தோற்றத்தில் மனிதரை ஒத்திருந்தது அசிமோ. ஆற்றலைச் செலவிடும் முறையில் மனிதரை ஒத்திருந்தது தலையே இல்லாத அச்சிறு பொறி. ‘மனிதரைப் போல’ என்ற சொற்றொடரில் எத்தனை பொருள்மயக்கம் உண்டு என்பதற்கு இதுவே போதிய சான்று.

மூன்றாவது, கற்றலின் வழி. இன்று காணொளிகளில் ஆடியும் ஓடியும் வியக்க வைக்கும் ரோபோக்களில் பல இவ்வழியைச் சேர்ந்தவை. கணினிக்குள் ரோபோவின் ஆயிரக்கணக்கான படிகள் ஒரே வேளையில் விழுந்து எழுந்து நடக்கப் பழகுகின்றன. விழாமல் முன்னேறினால் மதிப்பெண்; மனிதரின் அசைவுப் பதிவை ஒத்து அசைந்தால் மேலும் மதிப்பெண். இங்கேதான் பதிவு எவருடையது என்ற கேள்வி எழுகிறது. இத்துறையில் பெரிதும் பயன்படும் ‘அமாஸ்’ என்னும் தொகுப்பு 2019-இல் வெளியாயிற்று. முன்பே இருந்த 15 அசைவுத் தொகுப்புகளை இணைத்து, 300-க்கும் மேற்பட்டோரின் 40 மணிநேரத்துக்கும் அதிகமான அசைவுகளை அது ஒருங்கே தந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வகங்களின் சமதளத் தரையில் பதிவானவை. தொகுத்தோரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்கள் தம்மிடம் இருந்ததைத் தொகுத்துப் பொதுவில் வைத்தார்கள். வைக்க நம்மிடம் எதுவும் இல்லை என்பதே நம் சிக்கல்.

‘நடப்பதில் அப்படி என்ன வேறுபாடு? இரண்டு கால், ஒரே புவியீர்ப்பு’ என்று கேட்பவர்க்குச் சான்றுகள் சிலவற்றை முன்வைக்கிறேன். பிரெஞ்சு மானிடவியலர் மார்செல் மோஸ் 1934-இல் ஆற்றிய உரையொன்றில், நியூயார்க் மருத்துவமனையில் தாம் படுத்திருந்தபோது செவிலியரின் நடை எங்கோ கண்டதுபோல் இருந்ததையும், அதனைத் திரைப்படத்தில் கண்டதாகப் பின்னர் உணர்ந்ததையும், பாரிசுக்குத் திரும்பியபோது அங்குள்ள இளம்பெண்களிடமும் அந்நடை பரவியிருந்ததையும் குறிப்பிட்டார். நடை கற்கப்படுவது, கடன் வாங்கப்படுவது, பரவுவது என்று அவர் உணர்த்தினார். மொழிக்கு நாம் சொல்வதும் இதுவே.

வேறுபாடு வெறும் பாணியோடு நிற்பதில்லை. கென்யாவின் லுவோ, கிகூயு இனப் பெண்கள் தம் உடல் எடையில் 20 விழுக்காடு வரையிலான சுமையைத் தலையில் தாங்கி, ஆற்றல் செலவு கூடாமலே நடக்கின்றனர் என்று 1986-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுமையோடு நடக்கும்போது ஊசலின் ஆற்றல் பரிமாற்றம் அவர்களிடம் மேலும் செம்மையாகிறது என்று 1995-இல் விளக்கமும் கிடைத்தது. நமக்கு அண்மையில், மணிப்பால் மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 2,300 சிறாரின் பாதங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரை மற்றொரு சான்று. காலணி அணியும் சிறாரில் 8.6 விழுக்காட்டினருக்கும் அணியாதவரில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. விரல் மூடிய ஷூ அணிவோரிடம் அது மிகுதி. செருப்பு அணிவோரிடம் அதனினும் குறைவு. பிறந்தது முதல் வெறுங்காலோடு நடப்போரின் பாதம் அகன்றது என்றும், தரையில் அது அழுத்தத்தை மேலும் சீராகப் பரப்புகிறது என்றும் இந்தியரையும் பெல்ஜியரையும் ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. தரையைத் தொடும் உறுப்பே வேறுபடுமாயின், அதன்மேல் எழும் நடை மட்டும் எவ்வாறு ஒன்றாக இருக்கும்?

இனி நம் ஊரை நோக்குவோம். சாலைக் கடைத்தெருவில் சும்மாட்டின் மேல் மூட்டையை ஏற்றிச் செல்லும் சுமைத்தொழிலாளியின் தலையும் கழுத்தும் அசையாதிருக்க, அசைவு முழுவதும் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. முண்டை மடித்துக் கட்டியவர் வைக்கும் எட்டும் தழைய விட்டவர் வைக்கும் எட்டும் ஒன்றல்ல. ரப்பர்ச் செருப்பில் நடப்பவர் கட்டைவிரலால் அதன் வாரைப் பற்றிக்கொண்டே நடக்கிறார். மழைநாளில் அப்பிடி மேலும் இறுகுகிறது. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் மீன் சருவத்தைத் தலையில் ஏற்றிய பெண் கால் புதையும் மணலில் நடக்கிறார். மாவட்டத்தின் கிழக்கே, ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் பால்வெட்டும் தொழிலாளி விடியலுக்கு முன்பே மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறார். இந்நடைகளுள் எதுவும் பிழையானதன்று. ஆயினும் இவற்றுள் எத்தனை, எந்திரங்கள் கற்கும் தொகுப்புகளில் இருக்கின்றன?

இது அறிவுத்துறை ஆதங்கம் மட்டுமே என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நடையைப் பற்றிய அறிவு ரோபோவின் காலுக்குப் போவதற்கு முன்பே நோயாளியின் காலுக்குப் போகிறது. அங்கே ‘எவருடைய நடை’ என்ற கேள்வி ஒருவரின் எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானிக்கிறது.

ஜெய்ப்பூர்க் காலின் வரலாறு பலரும் அறிந்ததே. 1960-களில் இங்கு வழங்கிய மேலைநாட்டுச் செயற்கைப் பாதம், ஷூவுக்குள் மறைந்திருக்கவும் நாற்காலியில் அமரவும் ஏற்றதாக வடிவமைக்கப்பட்டது. அதனை அணிந்தவரால் குந்தி உட்கார முடியவில்லை, சம்மணமிட முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியவில்லை. ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இணைந்து உருவாக்கிய ரப்பர்ப் பாதம் இவை அனைத்துக்கும் வளைந்து கொடுத்தது. அவர்கள் வென்றது பொருளின் மலிவால் மட்டுமன்று. நடப்பவர் எங்கே நடக்கிறார், எவ்வாறு அமர்கிறார் என்பதை முதலில் பார்த்தார்கள். பாதத்தைப் பிறகு செய்தார்கள். 2022-இல் சென்னை ஐஐடி வெளிக்கொணர்ந்த ‘கதம்’ என்னும் செயற்கை முழங்காலும் அவ்வழியில் வந்ததே. இடம் நெருக்கமான பேருந்திலும் ஆட்டோவிலும் அமர ஏதுவாக அது 160 பாகை வரை மடங்குகிறது.

நம் நகருக்கும் இதில் பங்கு உண்டு. ஆள்நுழை குழிகளைத் தூய்மை செய்யும் ‘பேண்டிகூட்’ ரோபோவால் 2018 முதல் அறியப்பட்ட திருவனந்தபுரத்து ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், பக்கவாதத்தாலும் தண்டுவடக் காயத்தாலும் நடையிழந்தோருக்கு ‘ஜி-கெய்ட்டர்’ என்னும் நடைப்பயிற்சிக் கருவியை உருவாக்கியது. 2024-இல் அது திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு காலத்தில் பெரும் தனியார் மருத்துவமனைகளில் மட்டுமே எண்ணிப் பார்க்கக்கூடிய சிகிச்சை அரசு மருத்துவமனைக்கு வந்தது பாராட்டத்தக்கது. பேண்டிகூட்டின் கால்கள் மனிதக் கால்களைப் போன்றவையல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். குழிக்குள் மனிதர் இறங்கக்கூடாது என்பதே நோக்கம். அதற்குச் சிலந்தியைப் போல் விரியும் கால்கள் பொருந்தின. பணிக்கேற்ற கால் என்பதை அறிந்தவர்கள் இந்நகரில் இருக்கிறார்கள்.

நடைப்பயிற்சிக் கருவிகளின் பொதுவான இயல்பு ஒன்றை இனிக் கவனிப்போம். நோயாளியின் எடையைக் கச்சை தாங்க, அவர் கால்களை மோட்டார்கள் முறைப்படி இயக்குகின்றன. தமிழின் ‘நடத்துதல்’ என்ற சொல்லுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இராது. ஆனால் எம்முறைப்படி? நடைச் சுழற்சியின் எந்தக் கணத்தில் முழங்கால் எத்தனை பாகை மடங்க வேண்டும், இடுப்பு எவ்வளவு நீள வேண்டும் என்பதற்கு ‘இயல்பான நடை’ என்னும் அளவுகோல் ஒன்று தேவை. அவ்வளவுகோல்களைத் தந்த செல்வாக்கு மிக்க நூல்கள் வட அமெரிக்காவில் எழுந்தவை. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜாக்குலின் பெரி 1992-இல் வெளியிட்ட நடைப் பகுப்பாய்வு நூல் அவற்றுள் தலையாயது. அந்நூலின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. எனினும், நாற்பது ஆண்டுகள் மணலில் மீன் சுமந்து நடந்த ஒரு பெண் பக்கவாதத்திற்குப் பின் சிகிச்சைக்கு வருகிறார் என்று கொள்வோம். அவர் நடையில் அளவுகோலிலிருந்து விலகும் கூறுகளுள் எது நோயால் வந்தது, எது அவர் வாழ்க்கையால் வந்தது? ஒப்பிட்டுப் பார்க்க அவரைப் போன்றோரின் நடைப்பதிவு இல்லாதபோது, மருத்துவர் தம் அனுபவத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. கருவிக்கோ அனுபவமும் இல்லை.

பேச்சு மருத்துவத்தில் இதே சிக்கல் முன்னரே எதிர்கொள்ளப்பட்டது. வட்டார வழக்கால் வரும் வேறுபாட்டையும் நோயால் வரும் குறைபாட்டையும் பிரித்தறிவது அத்துறை மாணவர் கற்கும் அடிப்படைப் பாடம். ழகரத்தை யகரமாக ஒலிக்கும் சிறுவனுக்குச் சிகிச்சை தருவதற்கு முன், அவன் வீட்டாரும் அவ்வாறே ஒலிக்கின்றனரா என்று கேட்கிறோம். நடைக்கும் அக்கேள்வியைக் கேட்க நமக்குத் தரவு வேண்டும்.

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதல் மறுப்பு: நடையின் இயற்பியல் எங்கும் ஒன்றே, ஊசல் கென்யாவிலும் கரமனையிலும் ஊசலே. மெய்தான். எல்லா மொழிகளிலும் உயிரொலியும் மெய்யொலியும் உண்டு என்பதும் அவ்வாறே மெய். ஆனால் மொழிப்பொதுமைகளை எவரும் பேசுவதில்லை. ஒரு மொழியைத்தான் பேசுகிறோம். பொதுவிதி எல்லையை வகுக்கிறது. அவ்வெல்லைக்குள் எந்த நடை என்பதைப் பழக்கமும் தரையும் தொழிலும் முடிவு செய்கின்றன.

இரண்டாவது மறுப்பு: உலகம் மனிதக் காலுக்காகக் கட்டப்பட்டது, படிக்கட்டும் வாசற்படியும் அதற்கே, எனவே முதலில் கால் உள்ள ரோபோவைச் செய்வோம், தரவு பிறகு. இவ்வாதத்தைச் சொல்வோர் அறியாமலே வேறோர் உண்மையை ஒப்புக்கொள்கின்றனர். படிக்கட்டால் தடுக்கப்படும் சக்கரம் ரோபோவினுடையது மட்டுமன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இன்றும் நம் அலுவலகங்கள் பலவற்றில் சாய்தளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. படியேறும் ரோபோவைச் செய்யும் செலவில் எத்தனை சாய்தளங்கள் எழும் என்பதையும் பொறியியல் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ரோபோ உலகமே காலைப் புனிதமாகக் கருதவில்லை. 2015-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு நடத்திய பேரிடர் மீட்பு ரோபோப் போட்டியில் நடக்க முயன்றவை பல விழுந்தன. முதலிடம் பெற்ற தென்கொரியாவின் ‘ஹூபோ’ தேவையான இடத்தில் நடந்தது; மற்ற இடத்தில் மண்டியிட்டு முழங்காலில் பூட்டிய சக்கரங்களில் உருண்டது. எடையற்ற வெளியில் அமர்ந்து பணியாற்றும் வியோமமித்ராவுக்குக் கால் வைக்காததும் அத்தகைய தெளிந்த முடிவே. அதில் நாணுவதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நடை என்பது கைரேகையைப் போன்றது. முகம் தெரியாத தொலைவிலும் நடையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் கண்காணிப்பு முறைகள் உலகில் ஏற்கெனவே உள்ளன. நம் மக்களின் நடையைத் தொகுத்து வைப்பது அவர்களைக் கண்காணிப்போரின் கையில் கருவியாகாதா? ஆகக்கூடும். எனவே ஒப்புதலும் உரிமையும் இத்திட்டத்தின் பின்னிணைப்பாக இருக்கக் கூடாது, முதற்பக்கமாக இருக்க வேண்டும். பதிவு எதற்குப் பயன்படும் என்பதைப் பங்கேற்பவரின் மொழியில் விளக்குதல், முகத்தை நீக்குதல், விரும்பும்போது பதிவைத் திரும்பப் பெறும் உரிமை, மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் அப்பால் பயன்படுத்தத் தடை ஆகிய நான்கும் இல்லையென்றால் தரவகமே வேண்டாம் என்பேன். பழங்குடி மக்களின் மொழிகளைப் பதிவு செய்து எடுத்துச் சென்று, அவர்களுக்கு ஒரு படியேனும் திருப்பித் தராத ஆய்வுகளை நம் துறை அறியும். அவ்வழக்கம் நடைக்கும் தொடரலாகாது.

இத்தகைய தரவகத்துக்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான நகரைத் தேடுவது கடினம். ராக்கெட்டின் திசையையும் முடுக்கத்தையும் அளக்கும் நிலைம உணரிகளை உருவாக்கும் பிரிவு வட்டியூர்க்காவில் இருக்கிறது. அதே தத்துவத்தில் இயங்கும் நாணயமளவு உணரியைக் கணுக்காலில் கட்டினால், ஆய்வகத்துக்கு வராமலே ஒருவரின் நடையை மணலிலும் சரிவிலும் பதிவு செய்யலாம். மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனமும் நோயாளிகளை அறிந்தவை. குமரி மாவட்டத்திலிருந்தும் அங்கே மக்கள் சிகிச்சைக்கு வருகின்றனர். வேறுபாட்டையும் குறைபாட்டையும் பிரித்தறியும் பயிற்சி ஆக்குளத்தில் உள்ள தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் இருக்கிறது. பொறியியல் கல்லூரியும், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையும் இருக்கின்றன.

மொழியியலருக்கு இதில் தனிப் பணி ஒன்று உண்டு. தரவைப் பதிவு செய்தால் போதாது, பெயரிட வேண்டும். நடையை விவரிக்க மக்களிடம் நுண்ணிய சொற்கள் இருக்கின்றன. தாங்கித் தாங்கி நடத்தல், விந்தி நடத்தல், காலை இழுத்து இழுத்து நடத்தல், தத்தித் தத்தி நடத்தல், தள்ளாடுதல் ஆகியவை ஒரே பொருள் குறித்தவை அல்ல. வலியுள்ள காலின் மேல் எடை விழாமல் நடப்பதைத் ‘தாங்கித் தாங்கி’ என்பர். பாதத்தைத் தூக்க இயலாதவர் நடையை ‘இழுத்து இழுத்து’ என்பர். மருத்துவ நூல்களும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே வகைப்படுத்துகின்றன. நம் ‘நொண்டு’ மலையாளத்தில் ‘ஞொண்டு’ ஆகிறது. ‘ஏந்தி வலிஞ்ஞு’ நடப்பது என்று மலையாளி சொல்வதைத் தமிழில் ஒரு சொல்லால் பெயர்க்க நான் தயங்குவேன். நோயாளியும் அவர் வீட்டாரும் மருத்துவரிடம் முதலில் சொல்வது இச்சொற்களைத்தான். இவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்த அசைவைக் குறிக்கிறது என்று அளந்து காட்டினால், மருத்துவருக்கும் கருவிக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு பொதுமொழி உருவாகும். ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு இது போதுமான பொருள். எம்.ஏ. மாணவர் ஒரு பருவத்தில் ஓர் ஊரின் நடைச்சொற்களை மட்டும் திரட்டினாலும் நல்ல தொடக்கம்.

ஒருநாள் இந்நகரில் இரு கால் ரோபோ நடக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குள் பொது மருத்துவமனைக் கருவியில் எத்தனையோ பேர் மீண்டும் நடக்கக் கற்றிருப்பார்கள். அவர்கள் வீடு திரும்பி, தம் முற்றத்திலும் மணலிலும் தம் பழைய நடையை மீட்டெடுத்தார்களா என்று அறிய நம்மிடம் பதிவு இருக்க வேண்டும். ரோபோ காத்திருக்கலாம், நோயாளி காத்திருக்க முடியாது.

இத்துறைகளில் பணியாற்றுவோர், குறிப்பாக இயன்முறை மருத்துவர்கள், தம் அனுபவத்தில் கண்ட நடை வேறுபாடுகளையும் தம் ஊரில் வழங்கும் நடைச்சொற்களையும் கீழே பதிவிட்டால் நன்றியுடையேன். மறுப்புரைகளையும் வரவேற்கிறேன்.